ராத்திரி பத்து மணிக்கு வாழைப்பழம்

பிப்ரவரி 6

அண்ணிக்கு,

போனில் பேசினால் இரண்டு பேரில் ஒருத்தர் பாதியில் வைத்துவிடுகிறோம். போன வாரம் நான் வைத்தேன், அதற்கு முந்தின வாரம் நீங்கள். அதனால் எழுதுகிறேன்.

வாலு நன்றாக இருக்கிறாள். எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. காலையில் முட்டை சாப்பிடுகிறாள், வெள்ளையை மட்டும். பள்ளிக்கூடம் என் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி. மூன்றரைக்கு விட்டதும் நேராக என்னிடம் வந்துவிடுகிறாள். எங்கள் தாவரச் சேகரிப்பு அறையில் சத்தம் போடக்கூடாது, எதையும் தொடக்கூடாது என்று சொல்லி மூலையில் ஒரு மேஜை கொடுத்திருக்கிறேன். முதல் வாரமே உறையைப் பிரித்து, சுவரில் படர்கிற லைக்கன் ஒன்றை நக்கிப் பார்த்துவிட்டாள். கேட்டால், "ருசி எப்படி இருக்கும்னு லேபிள்ல போடலையே அத்தை" என்கிறாள். இரண்டாவது வாரம் அலுவலகப் பூனையின் கழுத்தில் எண் எழுதின சீட்டைக் கட்டிவிட்டாள். மேலதிகாரி சிரித்துவிட்டார், அதனால் தப்பித்தேன்.

எழுத வந்தது இரண்டு விஷயம்.

முதலாவது, பள்ளிக்கூடத்தில் ஏதாவது இரண்டு உயிர்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் நாயும் பூனையும், காக்கையும் புறாவும் என்று எடுத்திருக்கிறார்கள். இவள் உங்கள் மிருகக்காட்சிசாலைக் கூடத்து இரவுக் குரங்கையும் எங்கள் அலமாரியில் இருக்கும் ஆரஞ்சு லைக்கனையும் எடுத்திருக்கிறாள். "இரண்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று டீச்சர் கேட்டதற்கு, "ஒண்ணு அம்மாவோடது, ஒண்ணு அத்தையோடது" என்றாளாம். லைக்கன் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். குரங்குப் பக்கம் காலியாக வைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். நிரப்பி அனுப்புங்கள்.

இரண்டாவது, அதே உறையில் பச்சைத் தாள் ஒன்று இருக்கும். பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவம். இப்போது அவள் தற்காலிகமாகத்தான் சேர்ந்திருக்கிறாள். இந்த மாதம் முடிவதற்குள் நிரந்தரமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். பெற்றவர் கையெழுத்து வேண்டும். எட்டு வயதுக் குழந்தை. நீங்கள் காலை எட்டு மணிக்கு அங்கே உள்ளே போனால் சாயங்காலம் நாலரைக்குத்தான் வெளியே வருகிறீர்கள். வந்தும் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். அண்ணன் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. யோசிக்க இது போதுமான காலம்தான்.

அன்றைக்கு நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை என் மனதில் இருக்கிறது. அதைப் பற்றி இதில் எழுதவில்லை.

நாத்தனார்


பிப்ரவரி 11

நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்தது. நான் இருக்கிறேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி நீயே வைத்துக்கொள், திருப்பி அனுப்பாதே.

அட்டவணையில் எழுதியிருக்கிறேன். கட்டம் சின்னது, என் எழுத்து பெரிசு. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன், வாலுவுக்குப் படித்துக் காட்டு. கடைசிப் பகுதியை மட்டும் காட்டாதே. அது உனக்கு.

பேர் மூன்று கோட்டு இரவுக் குரங்கு. பலகையில் அப்படித்தான் இருக்கிறது. நெற்றியில் மூன்று கறுப்புக் கோடு, யாரோ விரலால் மை இழுத்த மாதிரி. நாங்கள் ஆணை வாட்ச்மேன் என்போம், பெண்ணை மேடம் என்போம். குட்டிக்கு இன்னும் பேர் வைக்கவில்லை.

உடம்பு ஒரு கிலோ கூட வராது. பாதி முகம் கண்தான். வால் நீளமாக இருக்கும், ஆனால் அதைச் சுற்றிக் கிளையில் தொங்காது. வாலு இதைக் கேட்டால் ஏமாந்துபோவாள். உண்மையைத்தான் எழுத வேண்டும்.

சாப்பாடு ராத்திரி பத்து மணிக்கு முதல் தடவை. வாழைப்பழம், பப்பாளி, வேகவைத்த முட்டை, கொஞ்சம் புழு. ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டாவது. நான்தான் வைப்பேன். வாட்ச்மேன் முதலில் வந்து பார்ப்பான், தொடமாட்டான். மேடம் வாழைப்பழத்தை எடுத்த பிறகுதான் கை வைப்பான். மேடம் முட்டையைச் சீண்டமாட்டாள்.

தூக்கம் பகல் முழுக்க. மரப்பெட்டிக்குள் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாகக் கிடக்கும். எது யார் காலென்று தெரியாது.

கூட்டம் கிடையாது. ஒரு ஆண், ஒரு பெண், அதுகளின் பிள்ளை. அவ்வளவுதான் குடும்பம். வேறு ஒன்று வந்தால் சண்டை.

குட்டி வருஷத்துக்கு ஒன்று. இந்தக் குட்டி அக்டோபர் கடைசியில் பிறந்தது. அம்மா பால் கொடுக்கும். கொடுத்து முடிந்ததும் குட்டியைக் கடித்துத் தள்ளும். அப்பா பக்கத்திலேயே நிற்கும், வாங்கி முதுகில் போட்டுக்கொள்ளும். பிறகு குட்டி அடுத்த பாலுக்குத்தான் அம்மாவிடம் போகும். தூக்குவது, தேடுவது, பழத்தைப் பங்கு கொடுப்பது எல்லாம் அப்பா. புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, "ச்சீ, இதெல்லாம் ஒரு அம்மாவாக்கா?" என்றாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

இனி உனக்கு.

பச்சைத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சமையலறை அலமாரியில் இருக்கிறது.

வந்தும் என்ன செய்வீர்கள் என்று எழுதியிருக்கிறாய். சரிதான். அவள் பிறந்ததிலிருந்தே அப்படி. என் கையில் அழுவாள், அவர் கைக்குப் போனால் நிறுத்துவாள். நானும் கொடுத்துவிடுவேன். தலை பின்னுவது அவர்தான். லிஃப்ட் கம்பியை முறுக்குகிற கை, பின்னல் ரெண்டு நாள் அவிழாது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் அவர்தான் போவார். ஊசி போட அவர்தான் கூட்டிப்போவார். நான் சம்பளம் கொண்டுவந்தேன், துணி துவைத்தேன், அவள் தூங்கின பிறகு போர்த்திவிட்டேன். இதெல்லாம் உனக்குத் தெரியும்.

ஆனால் எல்லாரும் இருக்கும்போது, "நீங்க கல்லு அண்ணி, உங்க மேல பாசி கூட ஒட்டாது" என்றாய். சொல்லிவிட்டு என் பிள்ளையின் துணிமணியைப் பையில் அடுக்கினாய். நான் அழவில்லை என்பதற்காகச் சொன்னாய் என்று நினைக்கிறேன். ஐந்தாம் நாள் வேலைக்குப் போனதற்கும் பேசினாய் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் ஒவ்வொருத்தராக வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூடத்தில் இருட்டு. யாருக்கும் யார் முகமும் தெரியாது. அங்கே போய்த்தான் அழுதேன். தரையைத் துடைத்துக்கொண்டே அழலாம், வேலையும் ஆகும்.

நீ பாசி வேலை செய்கிறவள். எது எதில் ஒட்டும் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் அந்த வார்த்தை கூடுதலாக உறைத்தது.

அண்ணி


பிப்ரவரி 17

அண்ணிக்கு,

முதலில் வேலை விஷயம். நான் செய்வது பாசி வேலை இல்லை. லைக்கன் வேறு, பாசி வேறு. ஒரு காளானும் ஒரு பாசியும் சேர்ந்து குடித்தனம் பண்ணினால் அதற்குப் பேர் லைக்கன். காளான் வெளியே நின்று வெயில், காற்று தாங்கி வீடாக இருக்கும். பாசி உள்ளே உட்கார்ந்து வெளிச்சத்தை வைத்து இரண்டு பேருக்கும் சமைக்கும். பிரித்து வைத்தால் எதுவும் லைக்கன் இல்லை. எங்கள் ஆரஞ்சு லைக்கன் சுவரிலும் ஓட்டிலும் வட்டமாகப் படரும், வருஷத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். நிழலில் இருந்தால் நிறம் வெளுத்துப் பச்சையாகிவிடும். வெயில் பட்டால்தான் ஆரஞ்சு. இன்னொன்று, இது கல்லில்தான் நன்றாக ஒட்டும். அந்த வகையில் நான் அன்றைக்குச் சொன்னது தப்பு. இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், திருத்தம்.

வாலுவுக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், கடைசிப் பகுதி தவிர. வால் தொங்காது என்றதும், "அப்புறம் எதுக்கு அவ்ளோ நீளம்?" என்று கோபப்பட்டாள். குட்டிப் பகுதி வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம வீடு மாதிரியே" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு லைக்கனில் யார் அப்பா என்று கேட்டாள். அப்படி யாரும் கிடையாது என்றேன். "அப்ப குட்டிய யாரு தூக்குவா?" என்றாள். அது இடத்தை விட்டு நகராது, தூக்க வேண்டியதில்லை என்றேன். "லைக்கனுக்குக் கஷ்டமே இல்ல போல" என்று எழுதிக்கொண்டாள். அழிக்கச் சொன்னேன். அழிக்கவில்லை.

அட்டவணையின் அடியில் அவளே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: அப்பாக் குரங்கு இல்லாவிட்டால் குட்டியை யார் தூக்குவார்கள்? இதற்குப் பதில் நீங்கள்தான் எழுத வேண்டுமாம், நான் சொல்லக்கூடாதாம்.

ஒரு சந்தேகமும் இருக்கிறது. முதல் சாப்பாடு ராத்திரி பத்து மணி, இரண்டாவது ராத்திரி இரண்டு மணி, நான்தான் வைப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்கு வருகிற நீங்கள் ராத்திரி பத்து மணிக்கு எப்படி வாழைப்பழம் வைத்தீர்கள்? டீச்சர் கட்டாயம் கேட்பார். வாலுவிடம் கேட்டால், "அம்மாவுக்கு அதுதான் ராத்திரி" என்று சொல்லிவிட்டுப் பூனையைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டாள். நேரத்தைச் சரிபார்த்து எழுதுங்கள்.

இனி உங்கள் கடைசிப் பகுதிக்கு.

அழவில்லை என்பதற்காக நான் உங்களைக் கல் என்று சொல்லவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்குப் போனதற்காகவும் இல்லை. நீங்கள் தெரியாத மாதிரி எழுதினது எனக்குத் தாங்கவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் நான் வந்து இறங்கினேன். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "முன்னாடி எதுவும் சொல்லலையா அண்ணி?" என்று கேட்டேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ராத்திரியே சொன்னார், நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு. நான்தான் சோடா குடிங்க, சரியாயிடும்னு சொன்னேன்" என்றீர்கள். இதே வார்த்தை. நான் மறக்கவில்லை.

ராத்திரி நெஞ்சு வலி என்று சொன்ன மனுஷனைக் காலையில் வேலைக்கு அனுப்பிவிட்டு, நீங்களும் வேலைக்குப் போயிருக்கிறீர்கள். அவன் பதினாலு மாடி ஏறி, லிஃப்ட் மோட்டார் அறையில், மத்தியானம் தனியாக விழுந்து கிடந்தான். ஒரு ராத்திரி முழுக்க உங்களுக்கு நேரம் இருந்தது அண்ணி. அப்படிப்பட்டவரிடம் எந்த நம்பிக்கையில் குழந்தையை விடுவேன்? அதற்குக் காய்ச்சல் வந்தாலும் சோடா குடிக்கத்தானே சொல்வீர்கள்?

எழுதிவிட்டேன். எழுதினதை அடிக்கப்போவதில்லை.

நாத்தனார்


பிப்ரவரி 22

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை நீ என்ன சொல்கிறாய் என்றே புரியவில்லை. இரண்டாவது தடவை கோபம் வந்தது. மூன்றாவது தடவை வாழைப்பழம் பற்றி நீ கேட்டிருந்த இடத்துக்குத் திரும்பப் போனேன். பிறகு கடிதத்தின் கடைசிக்கு வந்தேன். அப்போதுதான் புரிந்தது.

எங்கள் கூடத்தில் பகல்தான் ராத்திரி. ஜனங்கள் பகலில்தானே பார்க்க வருவார்கள், அந்த நேரத்தில் குரங்கு முழித்திருக்க வேண்டுமே. அதனால் காலை எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவோம், மங்கலாகச் சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் இருக்கும். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு பெரிய விளக்கைப் போட்டுவிடுவோம். குரங்குகளுக்கு அதுதான் பகல், தூங்கும். எங்கள் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. காலை பத்து மணியை ராத்திரி பத்து என்போம். மத்தியானச் சாப்பாட்டை ராத்திரிச் சாப்பாடு என்போம். வேலை முடிந்து வெயிலில் வந்து கண்ணைக் கசக்கும்போது, "அப்பாடா, விடிஞ்சுது" என்று சொல்லாதவர்கள் கிடையாது. நோட்டிலும் அப்படித்தான் எழுதுவோம். பதினோரு வருஷமாக என் வாயில் வேறு வரமாட்டேன் என்கிறது. உன் அண்ணன் அதைச் சொல்லியே கிண்டல் பண்ணுவார். "இன்னைக்கு ராத்திரி வெயில் ஜாஸ்தி" என்பார். வாலுவும் அப்படியே பேசிப் பழகிவிட்டாள். வெளியில் யாரிடமாவது பேசும்போது மட்டும் மாற்றிக்கொள்வேன். அன்றைக்கு மாற்றத் தோன்றவில்லை.

அவர் சொன்னது முந்தின நாள் ராத்திரி இல்லை. அன்றைக்கே, காலை பதினோரு மணிக்கு. முந்தின நாள் அவர் நன்றாக இருந்தார். வாலுவோடு சேர்ந்து கொண்டு என் செருப்பை ஒளித்து வைத்தார்.

இதைப் படித்துவிட்டு நீ என்மேல் பழி இல்லை என்று நினைத்துக்கொள்வாய். அப்படி நினைக்காதே. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, வெளிச்சம் ஆகாது. பழம் நறுக்கும் அறையில், கூண்டைப் பார்க்கிற கண்ணாடி ஜன்னல் பக்கத்தில், ஒரு போன் இருக்கிறது. அதில் கூப்பிட்டார். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. வாயுவா இருக்கும்" என்றார். நான் கையில் தட்டோடு நின்றேன். அப்போது குட்டிக்கு இரண்டு வாரம் கூட ஆகவில்லை. மேடம் அதைக் கடித்துத் தள்ளி, அது கிளையிலிருந்து தரையில் விழுந்து கத்திக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் மேலே நின்று இறங்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். என் கண் அதிலேயே இருந்தது. "சோடா குடிங்க, சரியாயிடும். சாப்பாட்டு நேரத்துல கூப்பிடறேன்" என்றேன். "சரி, நீ பாரு" என்றார். அவ்வளவுதான்.

வாட்ச்மேன் இறங்கி வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டான். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். நாலைந்து பேர் நின்று பார்த்தோம். பன்னிரண்டரைக்கு நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஒன்றே காலுக்கு அவரோடு வேலை செய்கிறவர் ஒருத்தர் என் போனில் கூப்பிட்டார்.

ஆக, ஒரு ராத்திரி இல்லை. ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரம் என்னுடையதுதான். மேலே ஏறாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை உன்னிடமோ வேறு யாரிடமோ நான் இறக்கி வைக்கப்போவதில்லை. நீ என்மேல் கோபமாக இருக்க வேண்டுமென்றால் இரு. ஆனால் நடந்ததற்குக் கோபப்படு. நடக்காததற்கு வேண்டாம்.

அடுத்தது. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே பச்சைத் தாளில் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்துவிட்டேன். வாலு ஒரு கிலோ ஏறியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதுதான். இங்கே இருந்தபோது நான் ஒரு நாளும் அவளை எடை பார்த்ததில்லை. உன் கடிதம் வந்த பிறகு உறையிலிருந்து தாளை எடுத்தேன், மறுபடி வைத்தேன். கடைசியில் இதோடு அனுப்புகிறேன். எனக்குப் பிள்ளை வேண்டும். அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆனால் தூக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், எவ்வளவு நாளாகும் என்று தெரியாது. நீ என்னைப் பற்றித் தப்பாகத் தெரிந்துகொண்டு முடிவு பண்ணியிருந்தாய். இப்போது சரியாகத் தெரிந்துகொண்டு முடிவு பண்ணு. எதுவானாலும் நான் போனில் கத்தமாட்டேன்.

வாலு கேட்டதற்கு எங்கள் கால்நடை டாக்டரிடம் போய் விசாரித்தேன். அப்பா இல்லாவிட்டால் அம்மா தூக்குமா என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "நான் அப்படிப் பார்த்ததில்லம்மா. தெரியாதத குழந்தைக்கு எழுதாதீங்க" என்றார். அதனால் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன். ராத்திரி பத்து மணியை அடித்து, காலை பத்து என்று மாற்றியிருக்கிறேன்.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று அலுவலகத்துக்கு வந்தது. வாசித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தேன். வாலு வந்து, "அத்தை, மேலதிகாரி தேடறார், லேபிள் தப்பா ஒட்டியிருக்கியாம்" என்றாள். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்காமல் விட்டேன். ஊரில் எல்லாரையும் திருத்துகிறவள் நான். லைக்கனைப் பாசி என்று சொன்னால் விடமாட்டேன். உங்களிடம், "எந்த ராத்திரி?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குக் காலையில் அண்ணன் எனக்கும் கூப்பிட்டான். பத்து ஐம்பதுக்கு. உங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால். நான் கையில் பசையோடு உறை ஒட்டிக்கொண்டிருந்தேன். போன் மேஜையில் அதிர்ந்தது, அவன் பேர் தெரிந்தது. வேலை நேரத்தில் கூப்பிட்டு, "என்ன, இன்னைக்கு எத்தனை பூஞ்சைக்குப் பேர் வச்சே?" என்று வம்பு இழுக்கிறவன்தானே, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எடுக்கவில்லை. நீங்களாவது எடுத்தீர்கள்.

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் ராத்திரி என்று சொன்னதும் அதைப் பிடித்துக்கொண்டேன். அது உண்மையாக இருந்தால் எனக்கு வசதியாக இருந்தது. ஒரு ராத்திரிக்கு முன்னால் என் ஒரு போன் எம்மாத்திரம்? இப்போது அந்த ராத்திரி போய்விட்டது. என்னுடையது மட்டும் அப்படியே இருக்கிறது.

பச்சைத் தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்தில் போய் நிரந்தரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை நானே கூட்டி வருகிறேன். இரண்டு நாள் தங்குவேன். என்னை ராணி மாதிரி நடத்த வேண்டாம், பாய் போதும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை: முட்டையின் மஞ்சளைத் தட்டு ஓரத்தில் ஒளிப்பாள், கண்டுகொள்ளாதீர்கள். தலை பின்ன இன்னும் எனக்கே வரவில்லை, அவிழ்ந்துவிடுகிறது. குட்டையாக வெட்டிவிடலாமா என்று கேட்டேன், இரண்டு நாள் பேசவில்லை. கெட்ட கனவு வந்தால் எழுந்து வந்து கட்டில் பக்கத்தில் சத்தமில்லாமல் நிற்பாள். கூப்பிடமாட்டாள். நீங்களாக விழித்துப் பார்க்க வேண்டும்.

அட்டவணையை ஒப்படைத்துவிட்டாள். தெரியாது என்று எழுதினால் மதிப்பெண் போகும் என்றேன். "அம்மா கேட்டுட்டு வந்துதானே சொன்னாங்க" என்றாள். போகத்தான் போனது. பத்துக்கு ஆறு. ஒற்றுமை என்ற கட்டத்தில், "இரண்டும் இரண்டு பேர் சேர்ந்தது" என்று எழுதியிருக்கிறாள். வேற்றுமையில், "குரங்கு கோபம் வந்தால் கடிக்கும், ஆனால் பக்கத்திலேயே இருக்கும். லைக்கனுக்குக் கோபம் வராது, அதனால் அதோடு விளையாட முடியாது." இது அறிவியல் இல்லை என்று டீச்சர் சிவப்பில் எழுதியிருக்கிறார். நான் போய்ச் சண்டை போடவா என்று கேட்டேன். வேண்டாமாம். அந்தத் தாளை உங்கள் கூடத்துச் சுவரில் ஒட்ட வேண்டுமாம்.

நாத்தனார்


மார்ச் 16

நாத்தனாருக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. குடையை விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

நீ எனக்கு அந்த போனைப் பற்றிச் சொன்னதற்கு, நேரில் இரண்டு நாளும் நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாய், துடைத்து அடுக்கினாய். எனக்கு அது போதும். உனக்குப் போதுமா என்று தெரியவில்லை. எழுத்தில் வேண்டுமென்றால், நீ எடுத்திருந்தாலும் அவர் வாயு என்றுதான் சொல்லியிருப்பார். நீயும் சோடா என்றுதான் சொல்லியிருப்பாய். நம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான்.

வாலு பழைய பள்ளிக்கூடத்துக்கே போகிறாள். காலையில் ஏழே காலுக்கு நான் விடுகிறேன், வாசலில் நிற்கிற ஆயா பார்த்துக்கொள்கிறார். மாலையில் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். மேலாளரிடம் கேட்டு வேலை நேரத்தை அரை மணி முன்னால் தள்ளிக்கொண்டேன். முதலில் முடியாது என்றார். நான் அங்கேயே நின்றேன், சரி என்றார்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எழுத ஆசைதான். தலை பின்னினால் "வலிக்குது" என்கிறாள், தளர்த்தினால் அவிழ்கிறது. இரண்டு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டேன். ஒரு நாள் அவள் வகுப்பு எது என்று தெரியாமல் வேறு வகுப்பு வாசலில் போய் நின்றேன்.

நேற்று பெரிய சண்டை. அவள் பாடத்தை எழுதவில்லை, நான் திட்டினேன். குரல் கூடிவிட்டது. அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து, "அப்பா வரட்டும், சொல்றேன்" என்றாள்.

நான் கதவில் கை வைத்தபடி நின்றேன். அவளும் அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் இருந்திருப்பாள், கட்டில் கிரீச்சிடவில்லை. தள்ளித் திறந்து உள்ளே போகலாமா என்று நினைத்தேன். போனால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அத்தைகிட்ட சொல்வேன்" என்றாள். குரல் சின்னதாக இருந்தது.

"சொல்லு" என்றேன். "நான் கத்தினது தப்புதான். எல்லாத்தையும் எழுது."

தாளையும் பேனாவையும் கதவுக்கு அடியில் தள்ளினேன். தாள் போய்விட்டது, பேனா மாட்டிக்கொண்டது. அதை வாங்க அவள் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. திறந்தாள். என்னைப் பார்த்தாள். பேனாவை வாங்கிக்கொண்டு மறுபடி சாத்தவில்லை. தரையில் குப்புறப் படுத்து எழுதினாள். நான் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தேன். நடுவில், "கத்தினாங்கன்னு எழுத எந்த 'ன'ம்மா?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன்.

ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். மடித்து, பசை வைத்து ஒட்டி, மேலே உன் பேர் எழுதி என்னிடம் கொடுத்தாள். "நீ படிக்கக் கூடாது" என்றாள். படிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் அதற்கு அவளுக்கு மட்டும் பதில் எழுது.

அண்ணி